கே.எல். தாமான்ல டிஸ்க் கோல்ஃப்: எப்பப் பாத்தாலும் கேக்குற கேள்விங்க

கோலாலம்பூர் (கே.எல்.) செந்தூல் பக்கம் ஒரு பொது தாமான்ல, அதாவது பூங்காவுல, ஞாயித்துக்கிழமை காலைல சங்கிலி தொங்குற கூடைங்கள நட்டு வச்சுட்டு தட்டு வீசிக்கிட்டு இருக்கிற கூட்டம் நாங்கதான். ஒம்பது கூடை, ஒவ்வொண்ணும் 40லேர்ந்து 70 மீட்டருக்குள்ள, எல்லாமே கையில தூக்கிட்டுப் போற டைப். வாக்கிங் போறவங்க நின்னு கேக்குறதும், வாட்ஸ்அப்ல ராத்திரி பதினோரு மணிக்கு கேக்குறதும் சுத்திச் சுத்தி ஒரே கேள்விங்கதான், அதனால மொத்தத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன், இனிமே யார் கேட்டாலும் இதத்தான் அனுப்புவேன்.

இது என்ன, ஃபிரிஸ்பீயா?

தட்டு வீசுறதுதான், ஆனா ஒருத்தர் வீச இன்னொருத்தர் பிடிக்கிற ஆட்டம் இல்ல. கோல்ஃப் ஆட்டந்தான் இது, பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. டீ-ல, அதாவது ஆரம்பிக்கிற இடத்துல, நின்னு வீசுறீங்க, தட்டு எங்க விழுந்துச்சோ அங்கேர்ந்து மறுபடி வீசுறீங்க, கூடைக்குள்ள போறவரைக்கும் எத்தன வீச்சுன்னு எண்ணுறீங்க, கடைசில கம்மியா வீசினவர் ஜெயிச்சார். கிளப் மெம்பர்ஷிப் வேணாம், காலர் வச்ச சட்டை வேணாம், பை தூக்கிட்டு வர்ற கேடி வேணாம். அமெரிக்காவுலயும் ஃபின்லாந்துலயும் பெரும்பாலான கோர்ஸ் பொது இடத்துலதான் இருக்கு, காசே இல்லாம போய் ஆடலாம்.

ஆனா தட்டு வேற. அல்டிமேட்ங்கிற தட்டு பிடிக்கிற டீம் ஆட்டம் ஆடுறவங்க வச்சிருக்கிறது 175 கிராம், 27 சென்டிமீட்டர் அகலம். கோல்ஃப் தட்டு 21 சென்டிமீட்டர் சுத்தித்தான், ஆனா எடை கிட்டத்தட்ட அதே, அதனால கையில எடுத்த உடனே கனம் தெரியும், ஓரமும் கெட்டியா இருக்கும். மேல பட்டா நல்லாவே வலிக்கும். இத முதல்லயே சொல்றேன், ஏன்னா கீழ வர்ற பாதி பதில் இதச் சுத்தித்தான்.

புதன்கிழமை வந்து பாத்தேன், கூடை ஒண்ணயும் காணோமே?

இருக்காது. நிரந்தரமா நட்டது இல்ல லா. காலைல ஏழரைக்கு வைப்போம், பத்து மணிக்குள்ள கழட்டி காடில ஏத்திடுவோம். பத்துக்கு மேல வெயில் ஏறிடும், குடும்பம் குடும்பமா வந்து தீக்கார் (பாய்) விரிச்சு உக்காந்துடுவாங்க, அவங்க தலைக்கு மேல தட்டு பறக்க விடுறது நியாயம் இல்ல.

அனுமதி வேணுமான்னு கேக்குறீங்க. நாலஞ்சு பேர் வந்து ஆடிட்டுப் போறது ஒண்ணு, பேனர் கட்டி ஸ்பீக்கர் வச்சு பேர் எழுதி காசு வாங்கி போட்டி நடத்துறது இன்னொண்ணு. ரெண்டாவதுன்னா டிபிகேஎல்கிட்ட, அதாவது கே.எல். மாநகராட்சிகிட்ட, முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கங்க. முதலாவதுக்கும் ஜாகாகிட்ட (காவலாளிகிட்ட) போய், அண்ணே நாங்க இந்தப் பக்கம் விளையாடப் போறோம், புல்லு தோண்ட மாட்டோம், பத்து மணிக்குப் போயிடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சொல்லாம ஆடினா அவருக்கு நாம தொல்லை, சொல்லிட்டு ஆடினா அவரே வந்து இன்னைக்கு அந்தப் பக்கம் புல்லு வெட்டுறாங்க தம்பி, இந்தப் பக்கம் வைங்கன்னு சொல்வாரு.

என்ன தட்டு வாங்கணும்? ஆன்லைன்ல பாத்தா தல சுத்துது

ஒரு பட்டர். ஒண்ணே ஒண்ணு.

சரி விளக்குறேன். தட்டு மூணு வகை: பட்டர், மிட்ரேஞ்ச், டிரைவர். பட்டரோட ஓரம் மொத்தமா உருண்டையா இருக்கும், மெதுவா நேரா போகும், சங்கிலில பட்டா வேகம் செத்து கூடைக்குள்ள விழும். டிரைவரோட ஓரம் அகலம், முனை கூர், நல்ல வேகமா வீசினாத்தான் அது பறக்கும், இல்லன்னா பறக்காது, அதுதான் விஷயம். புதுசா வர்றவங்க முக்காவாசிப் பேர் டிரைவரத்தான் வாங்கிட்டு வராங்க, ஏன்னா யூடியூப்ல பெரிய ஆளுங்க டிஸ்ட்ராயர்ங்கிற டிரைவர வீசி அது காட்டத் தாண்டி பறக்குறத பாத்திருப்பாங்க, அதே தட்ட இங்க நம்ம கையால வீசினா 40 மீட்டர்ல இடது பக்கம் சாஞ்சு படுத்துடும், அப்புறம் என்னமோ தட்டு சரியில்லன்னு இன்னும் வேகமான தட்டு ஒண்ணு ஆர்டர் பண்ணுவாங்க. நம்ம கோர்ஸ்ல தூரமான கூடையே 70 மீட்டர். அதுக்கு எதுக்கு டிரைவர்?

பேர் சொல்லணும்னா இன்னோவா ஏவியர், டைனமிக் டிஸ்க்ஸ் ஜட்ஜ், ரெண்டுல எது கிடைக்குதோ அது. மூணு மாசம் அத மட்டும் வீசுங்க. கை வந்ததுக்கு அப்புறம் மிட்ரேஞ்ச் வேணும்னா டிஸ்க்ராஃப்ட் பஸ். அதுக்கும் மேல ஆசை அடங்கலன்னா இன்னோவா லெப்பர்ட், அது மெதுவான டிரைவர், கை வலிக்காது.

பிளாஸ்டிக் ரகமும் முக்கியம். பேஸ் பிளாஸ்டிக் விலை கம்மி, பிடி நல்லா இருக்கும், ஆனா மரத்துல அடிபட்டு சீக்கிரம் தேயும். பிரீமியம் பிளாஸ்டிக் வருஷக்கணக்குல உழைக்கும், ஆனா நம்ம ஊரு வேர்வைலயும் ஈரத்துலயும் வழுக்கும். என் ஓட்டு பேஸ் பிளாஸ்டிக்குக்குத்தான், பட்டருக்கு அது போதும். அமெரிக்காவுல பேஸ் ஒண்ணு 10 டாலர் சுத்தி, பிரீமியம் 15லேர்ந்து 20 டாலர் வரைக்கும் போகும், அத வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மாத்தி ஷிப்பிங்கும் சேத்துப் பாத்தா ஒவ்வொண்ணா வாங்குறது நஷ்டம், அதனால நாலு பேரா சேந்து ஒரே ஆர்டரா போடுங்க.

கலர் விஷயத்துல ஒரே ஒரு சட்டம்: பச்சை வாங்காதீங்க. பிங்க், ஆரஞ்சு, வெள்ளை எதுவானாலும் சரி. அடில மார்க்கர்ல பேரும் போன் நம்பரும் எழுதி வைங்க, தொலைஞ்ச தட்டு திரும்ப வர்றதுக்கு அத விட்டா வழி இல்ல.

தட்டு மேல நாலு நம்பர் போட்டிருக்கே, அது என்ன?

ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். வரிசையும் அதேதான். ஸ்பீட்னா அந்தத் தட்டு சரியா பறக்க எவ்வளவு வேகம் கேக்கும்ங்கிறது, எவ்வளவு வேகமா போகும்ங்கிறது இல்ல, இதத்தான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. கிளைட் காத்துல எவ்வளவு நேரம் மிதக்கும்ங்கிறது. டர்ன், ஆரம்பத்துல வலது பக்கம் எவ்வளவு திரும்பும், மைனஸ் அதிகமானா திருப்பம் அதிகம். ஃபேட், கடைசில இடது பக்கம் எவ்வளவு விழும். ஏவியர் 2, 3, 0, 1. டிஸ்ட்ராயர் 12, 5, மைனஸ் 1, 3. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே மேல நான் ஏன் அவ்வளவு கத்தினேன்னு புரியும்.

எப்படி வீசினாலும் இடது பக்கமே போகுது, ஏன்?

அது உங்க தப்பு மட்டும் இல்ல, தட்டோட குணமே அதான். வலது கையால பேக்ஹேண்ட், அதாவது கைய உடம்புக்குக் குறுக்க இழுத்து, வீசினா மேலேர்ந்து பாக்க தட்டு கடிகாரம் சுத்துற பக்கமா சுத்தும். வேகம் குறையக் குறைய காத்து தட்டோட மூக்க, அதாவது முன் ஓரத்த, மேல தூக்கப் பாக்கும், ஆனா சுத்திக்கிட்டு இருக்கிற பொருள ஒரு பக்கம் தள்ளினா அது அந்தப் பக்கமே சாயாது, தொண்ணூறு டிகிரி தள்ளித்தான் சாயும், பம்பரத்துல பாத்திருப்பீங்க, அதனால மூக்கத் தூக்குற விசை இடது பக்கச் சாய்வா மாறிடுது. இடது கைக்காரங்களுக்கு எல்லாமே தலகீழ், வலது பக்கம் விழும். ஃபோர்ஹேண்ட்ல, அதாவது உள்ளங்கை முன்னாடி வர்ற மாதிரி பக்கவாட்டுல, வீசினாலும் சுத்துற பக்கம் மாறிடுறதால வலது கைக்காரங்களுக்கு வலது பக்கம் விழும், அதனாலதான் ரெண்டு வீச்சும் தெரிஞ்சு வச்சுக்கணும்னு சொல்றது, வலது பக்கம் மறைவா கூடை இருந்தா ஃபோர்ஹேண்ட், இடது பக்கம்னா பேக்ஹேண்ட்.

கொஞ்சம் விழுந்தா இயல்பு. வீசின உடனே மேல ஏறி அப்படியே திரும்பி இடது பக்கம் வந்து விழுந்தா அது மூக்கு பிரச்சினை: கைய விடும்போது தட்டோட முன் பக்கம் மேல தூக்கி இருக்கு. கட்டைவிரல தட்டு மேல நல்லா அழுத்துங்க, மணிக்கட்டு மேல பாக்காம இருக்கட்டும், கைய நெஞ்சு உயரத்துல நேர்க்கோட்டுல இழுங்க, வளைச்சு சுத்தி இழுக்காதீங்க. பலமா வீசணும்னு நினைக்கிறத விட்டாலே பாதி சரியாயிடும். நிஜமாத்தான் சொல்றேன், அரை பலத்துல வீசிப் பாருங்க, தூரம் கூடும்.

காத்து எதிர்ல அடிச்சா தட்டு வலது பக்கம் அதிகமா திரும்பும், பின்னாடி அடிச்சா சீக்கிரம் கீழ இறங்கி இடது பக்கம் விழும். காலைல ஏழரைக்கு நம்ம தாமான்ல இலை கூட ஆடாது, அந்த ஒரு காரணத்துக்காகவே சீக்கிரம் எந்திரிச்சு வரலாம்.

எவ்வளவு தூரம் வீசணும்? நான் 40 மீட்டரே போக மாட்டேங்குறேன்

போதும். உலக ரெக்கார்ட் 338 மீட்டர், 2016ல அமெரிக்காக்காரர் டேவிட் விகின்ஸ் ஜூனியர் பாலைவனத்துல பலமான பின் காத்துல வீசினது. அது வேற உலகம். சின்னக் கோர்ஸ்ல ஜெயிக்கிறவங்க யாரும் தூரமா வீசுறவங்க இல்ல, 8 மீட்டர்ல நின்னு தவறாம கூடைக்குள்ள போடுறவங்கதான். எங்க கூட்டத்துல நல்ல ஸ்கோர் போடுற ஒரு அக்கா 45 மீட்டர் தாண்டி வீசி நான் பாத்ததே இல்ல, ஆனா ரெண்டாவது வீச்சு கூடைக்கு அடில, மூணாவது உள்ள, அதாவது பார், அந்தக் கூடைக்குன்னு வச்ச வீச்சுக் கணக்கு. ஒம்பது கூடையும் அப்படித்தான். பக்கத்துல நிக்கிற இளந்தாரிப் பசங்க தூரமா வீசிட்டு லோங்காங்குக்குள்ள (சாக்கடைக்குள்ள) தேடிக்கிட்டு இருப்பாங்க.

பிராக்டிஸ் பண்ணணும்னா வீட்டு வாசல்ல ஒரு பக்கெட்ட வச்சு 5 மீட்டர்ல நின்னு தினம் போடுங்க.

ரூல்ஸ் சொல்லுங்க, சண்ட வராம ஆடணும்

பிடிஜிஏங்கிற சர்வதேச சங்கத்தோட ரூல் புக்கு இருக்கு, நெட்டுல இலவசம். நம்ம ஆட்டத்துக்கு வேண்டியத மட்டும் சொல்றேன்.

தட்டு விழுந்த இடத்துல அதுக்கு முன்னாடி, கூடைப் பக்கமா ஒரு சின்ன மினி தட்ட வச்சுட்டு, விழுந்த தட்ட எடுத்துடலாம். வீசும்போது உங்க ஒரு காலாவது மினிக்கு நேர் பின்னாடி 20 சென்டிமீட்டர் அகலம் 30 சென்டிமீட்டர் நீளம் உள்ள இடத்துக்குள்ள இருக்கணும், எந்தக் காலும் மினியத் தாண்டி முன்னாடி இருக்கக்கூடாது. கூடையிலேர்ந்து 10 மீட்டருக்குள்ள வந்துட்டா இன்னொண்ணு: வீசிட்டு நிலையா நிக்கணும், வீசுன வேகத்துலயே முன்னாடி ஓடி விழுந்தா செல்லாது. 10 மீட்டருக்கு வெளியன்னா வீசின வேகத்துல முன்னாடி போகலாம்.

டீ-ல முன்ன கூடையில கம்மியா போட்டவர் முதல்ல வீசுவார். அதுக்கப்புறம் எப்பவும் கூடைக்கு தூரமா இருக்கிறவர் முதல்ல. இதுல மரியாதையும் இருக்கு பாதுகாப்பும் இருக்கு, ஏன்னா தூரமா இருக்கிறவருக்கு முன்னாடி யாரும் நடந்து போய் நிக்க வேண்டியதில்ல. உங்க முறை வந்தா 30 வினாடி.

ஓபின்னா எல்லைக்கு வெளிய. எங்க கோர்ஸ்ல ஏரி ஓபி, தார் போட்ட நடைபாதையும் அதுக்கு அந்தப் பக்கமும் ஓபி. தட்டு முழுசா வெளிய இருந்தாத்தான் ஓபி, கோடும் ஓபிதான், ஆனா ஓரம் கொஞ்சம் கோட்டத் தாண்டி உள்ள இருந்தாக்கூட தப்பிச்சீங்க. ஓபி போனா ஒரு வீச்சு அபராதம், தட்டு கடைசியா உள்ள இருந்த இடத்துல கோட்டுலேர்ந்து 1 மீட்டர் உள்ள தள்ளி ஆடலாம். காணாம போனா 3 நிமிஷம் தேடலாம், கிடைக்கலன்னா ஒரு அபராதத்தோட முன்ன வீசின இடத்துக்கே போய் வீசணும்.

கூடைக்குள்ள போச்சா இல்லையான்னுதான் எப்பவும் வாக்குவாதம். தட்டு கூடைத் தட்டுக்குள்ளயோ சங்கிலிலயோ தங்கி நிக்கணும். கூடையோட தலைக்கு மேல போய் உக்காந்தா கிடையாது. சங்கிலில டங்குன்னு அடிச்சு வெளிய வந்தாலும் கிடையாது, எவ்வளவு அழகா சத்தம் கேட்டாலும் சரி.

எங்க ஒம்பதும் பார் 3, மொத்தம் 27. ரெண்டுல போட்டா பேர்டி, நாலுன்னா போகி, ஒரே வீச்சுல போட்டா ஏஸ், ஏஸ் போட்டவர் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கித் தரணும், இது பிடிஜிஏ ரூல் இல்ல, எங்க ரூல்.

நடந்து போறவங்க மேல பட்டுட்டா?

படக்கூடாது. இந்தக் கேள்விக்கு வேற பதிலே கிடையாது.

இது நம்ம தனிக் கோர்ஸ் இல்ல, எல்லாரோட தாமான். காலைல அங்க யார் யார் இருக்காங்கன்னு பாருங்க: ரெண்டு ரெண்டு பேரா கைய வீசி நடக்கிற ஆண்ட்டிங்க, பொண்டோக்குல (குடில்ல) தைச்சி பண்ற சீனத் தாத்தா பாட்டிங்க, தள்ளுவண்டில பிள்ளைய வச்சுக்கிட்டு வர்ற அம்மா, காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஓடுற பையன். இவங்க யாருக்கும் அங்க ஒரு ஆட்டம் நடக்குதுன்னே தெரியாது, தெரிஞ்சிருக்கணும்னு எதிர்பாக்குறதும் நியாயம் இல்ல. 175 கிராம் பிளாஸ்டிக் ஓடுற பையனோட காதுக்கு மேல பட்டா ரத்தம் வரும்.

அதனால எங்க ஒழுங்கு இப்படி. தட்டு போய் விழக்கூடிய இடத்துலயோ, தப்பிப் போனா போகக்கூடிய இடத்துலயோ ஆள் இருந்தா வீசக்கூடாது, அவங்க தாண்டுறவரைக்கும் நிக்கணும். ஆண்ட்டி நின்னு வேடிக்கை பாத்தாங்கன்னா, போங்க ஆண்ட்டின்னு கைய காட்டலாம், அவசரப்படுத்தக்கூடாது. அந்த 30 வினாடி கணக்கெல்லாம் அப்ப ஓடாது. வளைவுல பாத தெரியலன்னா ஒருத்தர் முன்னாடி போய் நின்னு கைய தூக்கிக் காட்டணும், அவர் தூக்காம யாரும் வீசக்கூடாது. தப்பிப் போச்சுன்னா தயங்காம பெரிய குரல்ல கத்துங்க. வெளிய ஃபோர்னு கத்துவாங்க, இங்க அது யாருக்கும் புரியாது, நாங்க மலாய்ல ஹாத்தி-ஹாத்தி, அதாவது ஜாக்கிரதைன்னு கத்துறோம், எல்லா இனத்துக்காரங்களுக்கும் புரியும்.

கூடைய எங்க வைக்கிறோம்ங்கிறதுலதான் பாதிப் பாதுகாப்பு இருக்கு. வீசுற திசை நடைபாதைய குறுக்க வெட்டக்கூடாது, நடைபாதைக்கு முதுகக் காட்டி வீசுற மாதிரி வைக்கணும். இடது பக்கம் விழுறதுதான் தட்டோட குணம்னு மேல சொன்னேன் பாருங்க, அதனால பாத இடது பக்கம் இருந்தா அந்த இடத்துல கூடையே வைக்காதீங்க. விளையாட்டு மைதானம், ஊஞ்சல் இருக்கிற பக்கம் 50 மீட்டர்ல கூட நெருங்க வேணாம். இதையெல்லாம் பாத்துப் பாத்து வைக்கும்போதுதான் கோர்ஸ் சின்னதாகுது, 70 மீட்டருக்கு மேல போகாததுக்கு காரணமும் அதுதான், எங்களுக்கு வீசத் தெரியாம இல்ல. சரி, கொஞ்சம் அதுவுந்தான்.

ஏரில விழுந்துடுச்சு, இறங்கி எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கே.எல்.ல நிறைய பார்க் ஏரிங்க ஈயம் தோண்டின பழைய லம்பக் குட்டைங்க, தித்திவங்சா ஏரியும் அப்படி வந்ததுதான், கரையிலேர்ந்து ரெண்டு அடி எடுத்து வச்சா சட்டுன்னு ஆழம். சேறு வேற. எலி மூத்திரத்துல வர்ற லெப்டோ காய்ச்சல் தேங்குற தண்ணி வழியாத்தான் பரவும், கால்ல சின்னக் காயம் இருந்தாக்கூட போதும் அது உள்ள வர. 50 வெள்ளித் தட்டுக்கு ஆஸ்பத்திரில படுக்கணுமா?

கோல்ஃப் தட்டு பெரும்பாலும் முங்கிடும். மிதக்கிற தட்டும் இருக்கு, இன்னோவா டிராகன் அப்படி ஒண்ணு, ஏரி ஓரக் கூடைக்கு மட்டும் அத வச்சுக்கிறவங்க உண்டு. நாங்க பண்றது இன்னும் சுலபம், ஏரிலேர்ந்து 30 மீட்டர் தள்ளி கூடைய வச்சுட்டோம்.

மரத்துல மாட்டிக்கிட்டா?

ஆட்டத்த பொறுத்தவரைக்கும் நேர் கீழ மார்க் பண்ணிட்டு ஆடுங்க, எங்க கோர்ஸ்ல அதுக்கு அபராதம் கிடையாது. தட்ட எடுக்குறது தனிக் கதை. இன்னொரு தட்ட மேல வீசி தட்டி விடுறேன்னு ஆரம்பிச்சா மரத்துல ரெண்டு தட்டு, அப்புறம் மூணு. நீளக் கயித்து முனைல மணல் பை கட்டி கிளை மேல போட்டு ஆட்டுங்க, பெரும்பாலும் விழுந்துடும். மரம் ஏறாதீங்க, கிளைய ஒடிக்காதீங்க, அது மாநகராட்சி மரம். கெரெங்கா எறும்புக் கூடு இருக்கான்னு முதல்ல பாருங்க, இலைங்கள ஒட்டி உருண்டையா கட்டி இருக்கும், அத ஆட்டினீங்கன்னா தட்டுக்கு முன்னாடி எறும்புதான் சட்டைக்குள்ள விழும்.

மழ வந்தா ஆடுவீங்களா?

தூறல்னா ஆடுவோம், துணி ஒண்ணு இடுப்புல தொங்கட்டும், ஒவ்வொரு வீச்சுக்கும் தட்டோட ஓரத்த துடைக்கணும். இடின்னா கிடையாது. உலகத்துலயே மின்னல் அதிகமா விழுற இடங்கள்ல மலேசியாவும் ஒண்ணு, நம்ம கையில இருக்கிறது இரும்புக் கம்பத்துல இரும்புச் சங்கிலி. முதல் இடி கேட்ட உடனே கூடைய அப்படியே விட்டுட்டு காடிக்குள்ளயோ கட்டடத்துக்குள்ளயோ போயிடணும், மரத்தடில நிக்கக்கூடாது, சுவர் இல்லாத பொண்டோக்கும் பத்தாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் வெளிய வரலாம். இங்க இடி மழ பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான், ஏப்ரல் பக்கமும் அக்டோபர் நவம்பர்லயும் ரொம்ப மோசம், காலைல ஆடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

புகைமூட்டம் வந்தா காத்து மாசுக் குறியீடு, ஐபியு, 100 தாண்டினா அன்னைக்கு ஆட்டம் இல்ல.

கூடை வாங்க காசு இல்ல, நாமளே செஞ்சுக்கலாமா?

தாராளமா. எங்க ஒம்பதுல மூணு சொந்தமா செஞ்சதுதான். பழைய சைக்கிள் ரிம் ஒண்ணு, சுத்தி சங்கிலி தொங்கவிட. சங்கிலிய ஹார்ட்வேர் கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க, ரொம்ப மெல்லிசும் வேணாம் ரொம்ப மொத்தமும் வேணாம், ரெண்டு வளையமா தொங்கவிடுங்க, வெளி வளையம் ஒண்ணு உள் வளையம் ஒண்ணு, ஒரே வளையமா விட்டா தட்டு நடுவுல பூந்து அந்தப் பக்கம் போயிடும். எல்லாச் சங்கிலியோட கீழ் முனையையும் ஒரு சின்ன வளையத்துல சேத்து கம்பத்துல தளர்வா மாட்டணும், இறுக்கிக் கட்டினா தட்டு எகிறி வெளிய வரும், தளர்வா இருந்தாத்தான் வேகத்த உறிஞ்சும். கீழ துணி போடுற பிளாஸ்டிக் கூடை, நடுவுல ஓட்ட போட்டு கம்பத்துல ஏத்துங்க. அடில பெயிண்ட் தோங்ல (வாளில) சிமெண்டு ஊத்தி கம்பத்த நடுங்க. அந்த தோங்க தூக்கிட்டு நடக்க ரெண்டு பேர் வேணும், அது ஒண்ணுதான் குறை.

சங்கிலி இல்லாமலும் ஆடலாம். ஆரம்பத்துல எல்லாரும் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குப்பத் தொட்டியையும் குறி வச்சுத்தான் ஆடினாங்க.

இத கண்டுபிடிச்சது யாரு?

தட்டு வீசி கோல்ஃப் ஆடினவங்க பல ஊர்ல முன்னாடியே இருந்தாங்க. இப்ப நாம ஆடுற வடிவத்துக்கு கொண்டு வந்தவர் எட் ஹெட்ரிக், ஃபிரிஸ்பீ செஞ்ச வாம்-ஓ கம்பெனில வேல பாத்தவர். 1975ல கலிபோர்னியாவுல ஓக் குரோவ் பார்க்குல முதல் நிரந்தரக் கோர்ஸ் வந்துச்சு, அதுவும் பொது பார்க்குதான். கம்பத்துல பட்டுச்சு படலன்னு சண்ட ஓயல, அதுக்குத்தான் சங்கிலிக் கூடைய செஞ்சார். 1976ல பிடிஜிஏவ ஆரம்பிச்சார், அதுல மெம்பர் நம்பர் 1 அவர்தான். ஓரம் கூரான கோல்ஃப் தட்டு அப்புறம் 1983ல இன்னோவா கம்பெனியோட டேவ் டுனிபேஸ் கொண்டு வந்தது.

ஹெட்ரிக் 2002ல இறந்தார், அவர் கேட்டுக்கிட்டபடி அவரோட சாம்பல பிளாஸ்டிக்ல கலந்து தட்டு செஞ்சாங்க. சாம்பல கடல்ல கரைச்சுப் பழகின நமக்கு இதக் கேட்டா ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனா எங்க கூட்டத்துல ஒரு பெரியவர் இதக் கேட்டுட்டு, பரவால்ல, ஆசப்பட்ட இடத்துக்கே போயிட்டாருன்னார்.

இதுல காசு பாக்க முடியுமா?

நம்ம தாமான்ல தே தாரிக்தான். அமெரிக்காவுல பால் மெக்பெத்துங்கிறவர் 2021ல டிஸ்க்ராஃப்ட் கம்பெனியோட 10 வருஷத்துக்கு 10 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே வருஷம் உலகப் போட்டில அவர ஜெயிச்சது ஜேம்ஸ் கான்ராட், கடைசிக் கூடையில 75 மீட்டர் சுத்தி தூரத்துலேர்ந்து ஒரே வீச்சுல உள்ள போட்டு சமன் பண்ணி, அப்புறம் பிளே-ஆஃப்ல முடிச்சார். அந்த வீச்ச தேடிப் பாருங்க. அவர் வீசினது டிரைவர் இல்ல, பட்டர்.

பினாங்குல இருக்கேன், எங்க ஆரம்பிக்கிறது?

அதே கணக்குதான்: திறந்த புல்வெளி, காலை நேரம், ரெண்டு மூணு கூடை. யூத் பார்க் பக்கம் போறதுன்னா கூட்டம் இல்லாத நேரமா பாத்து, முதல்ல எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகராட்சி) ஆளுங்ககிட்ட கேட்டுக்கங்க. பொட்டானிக் கார்டன் வேணாம், அது செடி கொடிங்களுக்கான இடம், குரங்கு வேற. குரங்கு இருக்கிற எந்த இடத்துலயும் பைய திறந்து வைக்காதீங்க, பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துடும். தட்ட எடுத்துட்டுப் போனா துரத்தாதீங்க, திங்க முடியாதுன்னு தெரிஞ்சா அதுவே போட்டுட்டுப் போகும்.

பிள்ளைங்கள கூட்டிட்டு வரலாமா?

கூட்டிட்டு வாங்க. 150 கிராம் சுத்தி உள்ள லேசான பட்டர் கொடுங்க, டீய பாதி தூரத்துக்கு முன்னாடி வைங்க. வீசுறவருக்கு முன்னாடி ஓடாம பிடிச்சு வைக்கிறது பெத்தவங்க பொறுப்பு. கொசு எண்ணெய் தடவி விடுங்க, நம்ம ஊரு டெங்கி தெரியும்ல.

அப்பாவுக்கு 68 வயசு, முட்டி வலி, ஆட முடியுமா?

முடியும். நின்ன இடத்துலேர்ந்தே வீசட்டும், ஓடி வர வேணாம். ஒம்பது கூடைக்கு நடக்கிற நடையே நல்ல வாக்கிங்.

சிலிப்பர் போட்டு வரலாமா?

வராதீங்க. காலைப் பனில புல்லு வழுக்கும், வீசும்போது கால் திரும்புற ஆட்டம் இது, சிலிப்பர் மட்டும் திரும்பாது. வெறுங்கால்ல ஆடுறேன்னு ஒருத்தர் வந்தார், மூணாவது கூடைக்குப் போற வழி பூரா தொட்டாச்சிணுங்கி முள்ளு.